நல்லி எலும்பும் மூன்றாவது தந்தியும்

பிஷ்கெக்கில் மின்சார கிட்டார் வைத்திருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். தந்தி இரைகிறதா, கழுத்து வளைந்துவிட்டதா, ஆம்ப் உறுமுகிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும்: "துர்தாகுன் பாய்கேகிட்ட கொண்டு போ." பாய்கே என்றால் எங்கள் ஊரில் அண்ணன். சரி, அந்தத் துர்தாகுன் பாய்கே ஒரு பாட்டையாவது முழுசாக வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி போடுங்கள். பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான் ஒமுர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பிழைப்பு, பேஸ் கிட்டார் வாசிப்பது தலையெழுத்து. கிட்டார்க்காரர்கள் நடுவில் பேஸ் வாசிப்பவன் சொல்வதை எவனும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்தக் கதையிலும் நான் சொன்ன ஒரே ஒரு யோசனையால்தான் எல்லாம் தலைகீழாகப் போனது. அதற்காக இன்றுவரை யாரும் எனக்கு ஒரு கோப்பை டீகூட வாங்கித் தரவில்லை. போகட்டும், நான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆளில்லை.

துர்தாகுன் பாய்கேக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பல்செட் கட்டுவது தொழில். எங்கள் ஆறாவது மைக்ரோரயோன் குடியிருப்பில் பாதிக் கிழவர்கள் அவர் கட்டிய பல்லால்தான் கறி மென்றுகொண்டிருக்கிறார்கள். பல்லை அராவுகிற அரத்தால் கிட்டார் கழுத்திலுள்ள ஃப்ரெட் கம்பிகளை அராவுவார், பல்லுக்குப் பாலிஷ் போடுகிற பசையால் கிட்டாருக்கும் பாலிஷ் போடுவார். அவர் கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்தால் முதலில் வாசித்துப் பார்க்கமாட்டார். துப்பாக்கியைப் போலக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டைப் பார்த்துவிட்டால் கிட்டார்க்காரனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

அவரிடம் ஆலோசனை கேட்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. தந்தி இரைகிறது என்று போய் நின்றால், எத்தனாவது மாடியில் குடியிருக்கிறாய் என்று ஆரம்பிப்பார். வெந்நீர்க் குழாய் எந்தச் சுவரில் ஓடுகிறது, கிட்டாரை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறாய், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவாயா, மீன் தொட்டி உண்டா என்று வரிசையாகக் கேட்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன பெரியவர்கள்கூட அந்த வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில் வைத்தியம் என்னவோ ஒன்றுதான்: கழுத்துக்குள் ஓடுகிற கம்பியைக் கால் சுற்று திருகிவிட்டு, அறையில் ஒரு சட்டி தண்ணீர் வை என்பார்.

சொன்னதைத் தானும் செய்தார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நவம்பரில் அனல்மின் நிலையம் குளிருக்குக் குழாய்களில் வெந்நீரைத் திறந்துவிட்டதென்றால் எங்கள் வீடுகள் ரொட்டி அடுப்பு மாதிரி காய ஆரம்பித்துவிடும். மரம் சுருங்கும், கழுத்து பின்னால் சாயும். அதனால் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டுப் பெரிய இரும்புச் சட்டி சமையலறையில் இராது. குழாயை ஒட்டி, தண்ணீரோடு, கிட்டாருக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும். அவர் மனைவி புருல், எனக்கு ஜெங்கே முறை, அண்ணி. நாலு பேருக்குப் புலாவ் செய்யவேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் சட்டி கடன் வாங்குவார். ஜெங்கே கணவர் பேரைச் சொல்லமாட்டார், எங்கள் பெண்களுக்கு அது வழக்கம். "என் சட்டிய வெச்சிருக்கிற மனுஷன்" என்றுதான் அக்கம்பக்கத்தில் குறிப்பிடுவார்.

ரினாத் கதை இன்னும் மோசம். ரினாத் எங்கள் கூட்டத்தில் டிரம்ஸ்காரன், பள்ளியில் பூகோளம் நடத்துபவன். கிட்டாரும் கொஞ்சம் வரும். அவனுடைய ஆம்ப் உறுமியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாமியாரின் ஃபிரிட்ஜ்தான் காரணம் என்று பாய்கே கண்டுபிடித்தார். ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினார்கள். உறுமல் நின்றது. இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள், டீ குடித்தார்கள், ஒயரைத் திரும்பச் சொருக மறந்தார்கள். ஜூலை மாதம். உள்ளே குதிரைக் கறி இருந்தது. ரினாத்தின் மாமியார் இன்றும் கிட்டார் பையோடு யாராவது படியேறினால் கதவைத் தாழ் போட்டுவிடுவார்.

இவ்வளவும் செய்கிற மனிதர் வாசிக்க உட்கார்ந்தால் பாதியில் எதையாவது சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார். தானே கட்டிய மெட்டு ஒன்று அவரிடம் உண்டு, கல்யாணமான வருஷம் கட்டியது. பேர் கிடையாது, நாங்கள் பாய்கே மெட்டு என்போம். நல்ல மெட்டு, பொறாமைப்பட்டே சொல்கிறேன். ரினாத்தின் கராஜில் வைத்து எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். முதல் பாதியைக் கிட்டாரில் சொல்லிக்கொடுத்தார், இரண்டாம் பாதியை வாயால் பாடிக்காட்டினார். அது ஏன் என்று அப்போது எங்களில் ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இனி எலும்பு விஷயத்துக்கு வருகிறேன்.

கிட்டாரில் கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில், தந்திகள் படிந்து உட்கார ஒரு சின்னத் துண்டு இருக்கும். நட் என்போம். விரல் நகம் அகலம்தான். மலிவு கிட்டாரில் பிளாஸ்டிக்கில் போட்டிருப்பார்கள், உசத்தி கிட்டாரில் எலும்பில் இருக்கும். எலும்பென்றால் ஒலி சுத்தமாக வரும் என்பது பாய்கேயின் நம்பிக்கை. எந்த எலும்பு, எந்த மேய்ச்சல் ஆட்டு எலும்பு என்பதுவரை அவரிடம் கொள்கை இருந்தது. சமவெளி ஆடு வேண்டாம், அதற்கு எலும்பு பஞ்சு. சூசாமிர் மலையில் கோடை மேய்ந்த ஆடு, அதிலும் நல்லி எலும்பு. இதைக் கேட்டுத் தலையாட்டாதவன் அன்று எங்கள் கூட்டத்தில் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொக்மோக்கில் ஜெங்கேயின் அண்ணன் வீட்டில் கல்யாண விருந்து. ஆடு சூசாமிரிலிருந்து வந்தது. எங்கள் விருந்தில் யாருக்கு எந்த எலும்பு என்பது வயதையும் உறவையும் பார்த்துத்தான். தட்டில் வந்த எலும்பைப் பார்த்தாலே அந்த வீட்டில் உங்கள் இடம் எது என்று தெரிந்துவிடும். பாய்கேக்கு, மேசையில் மூத்தவர் என்று இடுப்பெலும்பை எடுத்துவைத்தார்கள். கிடைத்தற்கரிய மரியாதை. இந்த மனுஷன் அதை அப்படியே தூக்கி எதிரே இருந்த மாப்பிள்ளைத் தோழன் தட்டில் போட்டுவிட்டு, அவன் தட்டிலிருந்த நல்லியை எடுத்துக்கொண்டார். அத்தோடு விட்டாரா? தலைமேசைப் பெரியவர் இரண்டு கையையும் விரித்து ஆசி சொல்லிக்கொண்டிருக்கையில், இவர் எலும்பைப் பல்லில் தட்டித் தட்டிக் காதுக்குள் சத்தம் எப்படிப் போகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்.

மைத்துனர் முகம் சுண்டிப்போனது. தன் வீட்டு மரியாதையை ஒரு பொடியன் தட்டில் வீசிவிட்டார் என்று அவருக்குப் பட்டதில் தப்பே இல்லை. அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. நோன்புப் பெருநாளுக்குக்கூடக் கூப்பிடவில்லை. ஜெங்கே வாய் ஓயும்வரை சண்டை போட்டுப் பார்த்தார். பாய்கே பல் அராவுகிற இயந்திரத்தில் அந்த நல்லியை அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டுத் தன் சிவப்புக் கிட்டாருக்குப் பொருத்திக்கொண்டிருந்தார். அது செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருந்த காலத்துக் கிட்டார். அவர் உயிர் அதில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. ஜெங்கேயே அப்படித்தான் சொல்வார், வேறு தொனியில்.

அந்த எலும்பு வந்தபிறகு அவரோடு பேசமுடியவில்லை. மனுஷனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. எந்தக் கிட்டாரைக் கேட்டாலும் "பிளாஸ்டிக் சத்தம் வருது" என்பார். எங்களில் கொஞ்சம் வாய் நீண்டவன் தொலோகோன். பழைய கார் உதிரி விற்கிறவன், நாற்பது வயது, ஒட்டுப்பலகையில் செய்த மலிவுக் கிட்டாரை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறவன். அதில் நட் பிளாஸ்டிக். பாய்கே அதைக் காய்கறிப் பெட்டி என்றுதான் அழைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரினாத்தின் கராஜில் நாங்கள் கூடியிருந்தபோது, காய்கறிப் பெட்டியை ஓரமாக வை, சத்தம் ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று பாய்கே சொல்ல, தொலோகோனுக்குப் பொறுக்கவில்லை.

"பாய்கே, நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. கண்ணைக் கட்டிட்டா எலும்பு எது, பிளாஸ்டிக் எதுன்னு மனுஷனுக்குத் தெரியுமா?"

"மனுஷனுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

"அப்ப பந்தயம். தோத்தா உங்க சிவப்பு எனக்கு. ஜெயிச்சா என் பெட்டி உங்களுக்கு."

அவன் பெட்டியை யாருக்கு வேண்டும் என்று பாய்கே சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சுற்றி நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டு, சிவப்புக் கிட்டாரை ஒருதரம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கராஜில் அந்த வாரம் மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். அதனால் அடுத்த ஞாயிறு பாய்கே வீட்டில்தான் சோதனை. நாங்கள் போனபோது இரும்புச் சட்டி குழாயருகே தன் இடத்தில் இருந்தது. சமையலறையில் ஜெங்கே கெஸ்மெ நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். மூன்று பேர் சாப்பிட வந்திருக்கிறோம் என்பதால் மாவு அதிகம், முகத்தில் சிரிப்பு குறைவு.

முதல் தகராறு, கேட்டுத் தீர்ப்புச் சொல்வது யார் என்பதில். பாய்கே கேட்டால், விரல் தந்தியில் சிராய்க்கிற சத்தத்தை வைத்தே தன் கிட்டாரைத் தெரிந்துகொள்வார் என்றான் தொலோகோன். தொலோகோன் கேட்டால், பிரேக் கட்டை உரசி உரசி அவன் காது மரத்துவிட்டது என்றார் பாய்கே. நான் கேட்கிறேனே என்றேன். மூன்று பேரும் நான் பேசவே இல்லை என்பதுபோல் பேச்சைத் தொடர்ந்தார்கள். கடைசியில் பாய்கேதான் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். புருலுக்குக் கிட்டாரைக் கண்டாலே ஆகாது, எலும்பைக் கண்டால் அதைவிட ஆகாது, அவள் காதுக்கே எலும்பு தெரிந்துவிட்டால் அப்புறம் யார் பேசமுடியும் என்றார். தொலோகோனுக்கு வாயெல்லாம் பல். எலும்பை வெறுக்கிற சாட்சி அவனுக்குக் கசக்குமா?

ஜெங்கே மாவுக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் புருவத்தைத் தூக்கினார்.

"எங்கண்ணன் வீட்டு வாசலை மிதிக்க முடியாமப் பண்ண எலும்புக்கு நான் சாட்சி சொல்லணுமா?"

"உள்ளதச் சொன்னாப் போதும் புருல். நம்ம வீட்டுக் கிட்டார் எப்ப சத்தம் வருதோ, அப்ப கட்டையால ஒரு தட்டு தட்டு. அவ்வளவுதான்."

"சரி. நீங்க தோத்தா, எங்கண்ணன் வீட்டுக்கு வந்து, குடுக்கற எலும்ப வாய மூடிக்கிட்டுத் தின்னணும்."

ஒப்புக்கொண்டார். ஆக, சிவப்புக் கிட்டாரும் மைத்துனர் வீட்டு விருந்தும் இப்போது ஜெங்கேயின் உருட்டுக்கட்டை மேல் தொங்கின.

விதிகளைப் பாய்கேதான் வகுத்தார், வேறு யாரை விடுவார்? ஆம்ப் ஒன்று, ஒயர் ஒன்று, சத்தத்தை மாற்றுகிற பெடல் எதுவும் கூடாது. எல்லோரும் வாசிக்கவேண்டியது பாய்கே மெட்டு, அதிலும் நீண்ட சுரத்தில் முடிகிற முதல் பாதி மட்டும். சத்தத்தைச் சோதிக்க அது போதும், இரண்டாம் பாதி தேவையில்லை என்றார். சமையலறைக் கதவு சாத்தியிருக்கும். பாய்கே சிவப்பையும், தொலோகோன் பெட்டியையும், ரினாத் தன் கிட்டாரையும் வாசிப்பார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று நான் சீட்டுக் குலுக்கிப்போடவேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அதுதான்.

முதல் சுற்று. முதலில் ரினாத் வாசித்தான். சமையலறையில் மாவு தேய்க்கிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அடுத்தது பாய்கே. முதல் வரி போனது, இரண்டாம் வரி போனது, நீண்ட சுரம் வந்தது. பாய்கே பழக்கதோஷத்தில் "த்சு" என்று தந்தியை இறுக்குகிற சாவியை ஒரு துளி முறுக்கினார். அது எங்களுக்கெல்லாம் தும்மல் மாதிரி, நாங்கள் கவனிப்பதே இல்லை. அந்தச் சுரம் முடிவதற்குள் சுவருக்கு அப்பால் கட்டை டொக்கென்று விழுந்தது.

பாய்கே நெற்றியில் வியர்வை பூத்தது. தொலோகோன் குருட்டாம்போக்கு என்றான். இரண்டாம் சுற்றில் பாய்கே கடைசி. தொலோகோன் வாசிக்கும்போது மாவுச் சத்தம் நிற்கவில்லை, ரினாத் வாசிக்கும்போது நிற்கவில்லை. பாய்கே வாசித்தார், டொக். மூன்றாம் சுற்றில் அவர்தான் முதல். டொக். வேறு எவனுக்கும் தட்டவில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் நானே நல்லி எலும்பை நம்பிவிட்டேன். பேஸ் கிட்டாருக்கு நல்லி போதுமா, மாட்டுத் தொடை வேண்டுமா என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். ரினாத் மாமியார் வீட்டில் ஆடு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று யோசிப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பாய்கே எழுந்து நின்றார். அழுதுவிடுவார்போல் இருந்தது. கிட்டாரைக் கண்டாலே ஆகாத பொம்பளைக்குக்கூட, கதவுக்கு அந்தப் பக்கம், மாவு தேய்க்கிற சத்தத்துக்கு நடுவில் எலும்பு கேட்கிறது என்று மெதுவாகச் சொன்னார். தொலோகோன் தன் பெட்டியைத் துணிப்பையில் போட்டு, பையின் காதைப் பிடித்து நீட்டினான்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எனக்குச் சந்தேகமெல்லாம் ஒன்றுமில்லை. சீட்டுக் குலுக்குகிற வேலையைத் தவிர எதுவும் கொடுக்கவில்லையே என்ற எரிச்சல்தான்.

"கிட்டாரை மாத்தி வாசிச்சுப் பாத்துட்டா, நாளைக்கு யாரும் பேசமுடியாது இல்ல, பாய்கே?"

வெற்றி மயக்கத்தில் இருந்த மனுஷன், கண்டுகொள்ளாமல் விட்டிருக்கவேண்டிய ஒரே தடவை என் பேச்சைக் கேட்டுவிட்டார். தாராளமாய் மாற்று என்றார். சிவப்புக் கிட்டாரைத் தொலோகோன் வாங்கிக்கொண்டான். அதில் முதல் பாதியை ஒரு பிசகில்லாமல் வாசித்தான். சுத்தமான ஒலி, நல்லி எலும்பு அதே இடத்தில்தான் இருந்தது. சமையலறையில் மாவுச் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து, பாய்கே காய்கறிப் பெட்டியை மடியில் வைத்தார். தொடவே கூசியதுபோல் நுனி விரலால் பிடித்தார். முதல் வரி, இரண்டாம் வரி, நீண்ட சுரம், த்சு, டொக்.

இன்னொரு தடவை என்றார் பாய்கே. இந்தத் தடவை ரினாத்தின் கிட்டாரை எடுத்துக்கொண்டார். அதிலும் டொக். சிவப்பை ரினாத்திடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. அவர் எதைத் தொட்டாலும் கட்டை விழுந்தது, எலும்பை வேறு யார் வாசித்தாலும் விழவில்லை.

பாய்கேதான் போய்க் கதவைத் திறந்தார். ஜெங்கே மாவை மடித்துக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தார்.

"புருல், எதை வெச்சுத் தட்டுன?"

"எத வெச்சா? நீங்க வாசிச்சீங்க, தட்டுனேன்."

"நான்தான் வாசிக்கறேன்னு எப்படித் தெரிஞ்சுது? சத்தம் எப்படி இருந்தது?"

ஜெங்கே கத்தியைக் கீழே வைத்தார். எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்தில் கூட்டமாக வந்து நிற்கிற நோயாளிகளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"சத்தமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இவங்கல்லாம் அந்த நீட்டு எடத்த சும்மா வாசிச்சு முடிச்சுடறாங்க. நீங்க அங்க தடுக்கி நிப்பீங்க. கல்யாணமானதுலேந்து அங்கதான் நிக்கறீங்க. த்சுன்னுவீங்க, சாவியத் திருகுவீங்க, அப்புறம் பெட்டியத் தொறந்து திருப்புளிய எடுப்பீங்க. நானும் மாவுல கைய வெச்சபடியே நிப்பேன், அடுத்து என்ன வரும்னு. வராது. அப்புறம் நான் என் வேலையப் பாப்பேன்."

நாங்கள் நாலு பேர் இரண்டு வருஷமாக ஒரு எலும்பைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்கவேண்டியதைக் கேட்ட ஒரே ஆள் அடுப்படியில் இருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரினாத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தயத்தின் விதிப்படி பார்த்தால், பாய்கே தன் கிட்டாரை வாசித்தபோதெல்லாம் கட்டை சரியாகத்தான் விழுந்தது, வாதாட இடம் இருந்தது. வாதாடுவார் என்றுதான் நினைத்தேன். குழாய்ச் சூடு, காற்றின் ஈரம், கதவின் கனம் என்று அவருக்குக் காரணமா கிடைக்காது? ஆனால் அவர் போய் சிவப்புக் கிட்டாரை எடுத்தார், துணியால் ஒரு தடவை துடைத்தார், தொலோகோன் மடியில் வைத்தார். "மாசத்துக்கு ஒருதரம் தந்தி மாத்து" என்றார். தொலோகோன் வேண்டாம் பாய்கே, சும்மா விளையாட்டுக்குத்தான் என்று இழுத்தான். பந்தயம் பந்தயம்தான் என்று கையைத் தள்ளிவிட்டார். மைத்துனர் வீட்டுக்கும் அடுத்த வாரமே போனார். கொடுத்த எலும்பைத் தட்டிப் பார்க்காமல் தின்றார் என்று ஜெங்கே பிற்பாடு சொல்லி எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அவர் கையில் ஒன்றுமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிட்டார் இல்லாத அவர் மடியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஜெங்கே உள்ளே போகவில்லை. நிலையில் சாய்ந்துகொண்டு, எப்போதும் இல்லாத குரலில் கேட்டார்.

"அப்புறம் என்னதாங்க வரும்?"

பாய்கேக்குப் புரியவில்லை.

"அந்த நீட்டு எடத்துக்கப்புறம்."

தொலோகோன் முந்திக்கொண்டு நான் வாசிக்கிறேன் ஜெங்கே என்று சிவப்பைத் தூக்கினான். நான் அவன் காலை மிதித்தேன். அவன் என்னைப் பார்த்தான், பாய்கேயைப் பார்த்தான், பிறகு அவனுக்கும் புத்தி வந்தது. துணிப்பையிலிருந்து காய்கறிப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

பாய்கே பெட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கப்போனார். பாதியில் கையை இறக்கிக்கொண்டார். வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாம் வரி, நீண்ட சுரம். வலதுகை தந்தியை விட்டுக் கிளம்பியது. ஜெங்கே மாவுக் கையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கை சாவி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் வந்ததை நாங்கள் ஆயிரம் தடவை வாசித்தவர்கள்தான். ஆனால் அவர் கையில் கேட்டதில்லை. இரண்டு இடத்தில் விரல் தடுமாறியது, ஒரு இடத்தில் தப்புச் சுரம் விழுந்தது, ஒட்டுப்பலகை ஒட்டுப்பலகையாகத்தான் ஒலித்தது. இருந்தும் அவர் நிறுத்தவில்லை. மெட்டு இறங்கி இறங்கி வந்து, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிந்தது. இவ்வளவு நாளும் அது அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் ஜெங்கே.

"முடிஞ்சுது."

"நல்லாத்தான இருக்கு. இத ஏங்க இத்தன நாளா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

ஜெங்கே இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டு, குழாயருகே இருந்த இரும்புச் சட்டித் தண்ணீரைக் கொட்டி, அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாவது தந்தி கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது, எனக்கே கேட்டது. பாய்கே அதைத் தொடாமல் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.